நான்காவது குளியல்

ஒபிஹிரோவில் அந்த வீட்டில்
குளிப்பதற்கு ஒரு வரிசை இருந்தது.
வந்த அன்று என்னை முதலில் அனுப்பினார்கள்.
வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்து
அழுக்கெல்லாம் போன பிறகுதான்
தொட்டிக்குள் இறங்க வேண்டுமாம்.
நான் நேரே இறங்கினேன்.
சோப்பு நுரைக்க நுரைக்கக் குளித்தேன்.
எழுந்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன்.

இன்னும் மூன்று பேருக்கான வெந்நீர்
குடுகுடுவென்று குழிக்குள் ஓடியது.
எங்கள் குல்டீகாவில் ஆறே அகலமாய் விழுந்து ஓடும்,
தண்ணீர் போகிற சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
இங்கே கதவுக்கு வெளியே துண்டோடு நின்ற சிஸுரு
கடைசிச் சொட்டு வரை கேட்டிருக்கிறார்.
"பரவாயில்லைங்க" என்றார்.

அந்த மாதம் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.
கழிப்பறைச் செருப்போடு சாப்பாட்டு அறையில் போய் நின்றேன்.
பரவாயில்லைங்க.
ஒன்பது வயது நகிக்கு மட்டும்
மூக்கு வழியாகச் சோறு வந்தது.
எரிகிற குப்பை நாளில் பிளாஸ்டிக்கை வைத்தேன்.
சிவப்புத் தாள் ஒட்டி விட்டுப் போனார்கள்,
தெரு முழுக்கப் பார்க்கும்படி.
பரவாயில்லைங்க.

பள்ளியில்,
"லாட்வியாவா? தயிருக்குப் பேர்போன நாடுதானே?"
அது பல்கேரியா.
இரண்டு வாரம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.
பனி விழும்வரை தயிர்நாட்டுப் பெண்ணாகவே இருந்தேன்.

சாயங்காலங்களில் என் எழுத்தை நகி திருத்துவாள்.
சரியென்றால் சிவப்பு மையில் வட்டம்,
வட்டத்துக்கு இதழ் வரைந்தால் நூற்றுக்கு நூறு.
இதழ்கள் வாங்க நான் பட்ட பாடு!
அப்பா மொரிஹிகோ இரவு வேலைக்காரர்.
அவர் எழும்வரை வீடே விரல்நுனியில் நடக்கும்.

ஞாயிறுகளில் என் அம்மா திரையில் வருவாள்.
அவளுக்கு மதியம், எனக்கு இரவு.
"நல்லவர்களா?"
"ரொம்ப."
"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
எனக்கு ஐந்தாம் மாதம்.
முதல் வெந்நீர், மீனின் நடுத்துண்டு,
நான் வாய் திறந்தால் எல்லாரும்
சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பது...
இதையெல்லாம் எப்படிப் புகாராகச் சொல்ல?

பிப்ரவரியில் ஒரு நாள் கடைசிப் பேருந்தை விட்டேன்.
குளிரில் கைபேசி செத்துப்போனது.
சர்க்கரை ஆலைச் சாலையில் நடந்தேன்,
வேகும் கிழங்கின் மண்வாடையும் இனிப்பும் கூடவே வந்தன.
இமைகள் ஒட்டத் தொடங்கியபோது
முதுகில் ஒரு மஞ்சள் விளக்கு சுழன்றது.
மொரிஹிகோவின் பனி வழிக்கும் வண்டி.
கதவைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
சூடான சோள சூப் டப்பா ஒன்றைக் கையில் திணித்தார்.
அடியில் ஒட்டிய நான்கு மணிகள்
எவ்வளவு தட்டியும் வீடு வரை விழவில்லை.

வாசலில் சிஸுரு.
இரவு உடைக்கு மேல் கோட்டு, காலில் பூட்ஸ்.
"என்னடி நெனச்சிட்டிருக்க உன் மனசுல?
போன் எதுக்குடி வச்சிருக்க?"
மேற்கொண்டு சொன்னதில் பாதி புரியவில்லை.
அந்த 'டி' புரிந்தது.
அதுவரை நகிக்கு மட்டுமே கிடைத்துவந்தது.
நகி மாடிப்படியில் உட்கார்ந்து
தன் பொருளை யாரோ எடுத்துக்கொண்டதுபோல் பார்த்தாள்.

அன்றைக்கு மட்டும் என்னைத்தான் முதலில் தொட்டிக்குத் தள்ளினார்கள்.
மறுநாள் வரிசை மாறியிருந்தது. யாரும் அறிவிக்கவில்லை.
மொரிஹிகோ, நகி, சிஸுரு, நான்.
ஆறத் தொடங்கிய தண்ணீர்.
நகியின் பிளாஸ்டிக் தவளை ஒருக்களித்து மிதந்தது.
கடைசியாகக் குளிப்பவர்தான் தொட்டியைக் கழுவ வேண்டும்.
அடைப்பானைப் பிடுங்கினேன்.
குடுகுடு.
கதவுக்கு வெளியே இருந்து,
"மதாரா, சல்லடையில முடிய எடுத்தியா?"
"எடுத்தாச்சு" என்று கத்திவிட்டு
அப்புறம் எடுத்தேன்.